வெட்டி என்றொரு வரி

புறநானூற்றின் 184ஆம் பாடலைப் பதினாறு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். வரி வாங்குவது எப்படி என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன பாட்டு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால், ஒரு மாவுக்கும் குறைவான நிலமே பல நாள் உணவாகும். அதே யானை தானே வயலில் இறங்கினால், வாய்க்குள் போவதைவிடக் காலடியில் அழிவது அதிகம். அரசனும் வரிசை தெரியாத சுற்றத்தோடு குடிகளிடம் இறங்கினால் இப்படித்தான் ஆகும், அவனுக்கும் கிடைக்காது, நாடும் கெடும் என்பது புலவரின் எச்சரிக்கை.

தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது. நானும் 'அளவறிந்து வரி வாங்கும் அறம்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். போன ஆண்டு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்:

"மேம், யானைக்குச் சோத்த உருட்டினது யாரு?"

வகுப்பு சிரித்தது. பாகன்தான் உருட்டியிருப்பான் என்றேன். அவள் உட்காரவில்லை. "அது இல்ல மேம். நெல்லு அறுக்கணும், அடிக்கணும், அவிக்கணும், குத்தணும், பொடைக்கணும், ஆக்கணும். அப்புறம்தானே உருட்ட முடியும்? அதெல்லாம் பாட்டுல இல்லியே."

பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பெண். அவள் அம்மா தறிக்குத் தார் சுற்றுகிறவர். பதினாறு ஆண்டுகளில் எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. பாட்டில் அறுவடைக்கும் கவளத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லை. வயலில் நெல்லை அறுக்கிறார்கள், உடனே அது யானையின் வாய்க்கு வந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் அத்தனை வேலையும், அந்த வேலையைச் செய்த கைகளும் காணவில்லை. ஒரு புலவரும் ஓர் அரசனும் வரி பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். வரி கொடுக்கிறவராக அவர்கள் கண்ணில் படுவது நிலத்துக்காரர் மட்டும்.

இந்தக் கட்டுரை அந்த மாணவிக்கு நான் தர வேண்டிய பதில். ஒரு நாடு தன் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேருந்துக்கும் எங்கிருந்து பணம் எடுக்க வேண்டும் என்ற கேள்வியைப் பொருளாதாரம் படித்தவர்களிடம் விட்டுவிட்டு, நாம் கவிதையும் உடலும் மொழியும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கேள்வி நம் சமையலறையில்தான் முடிகிறது.

*

இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் அரசின் வேலையை நான்காகப் பிரிக்கிறார்: வருவாய்க்கு வழி உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, பகிர்ந்து செலவிடுவது. பெண்கள் பற்றிய நம் அரசியல் பேச்சு பெரும்பாலும் நான்காவதில் மட்டும் நிற்கிறது. பெண்களுக்கு என்ன கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், போதுமா? முதல் இரண்டிலும் பெண் இல்லாதவள் போலவே பேசுகிறோம்.

ஒன்றிய அரசு 2005-06 முதல் பாலின வரவுசெலவு அறிக்கை வெளியிட்டுவருகிறது. பெண்ணிய இயக்கங்களும் பொருளியலாளர்களும் சேர்ந்து பெற்ற நல்ல விஷயம் அது. ஆனால் பெயரில் 'வரவு' இருந்தாலும் உள்ளே இருப்பது செலவு மட்டுமே. எந்தத் திட்டத்தில் எத்தனை கோடி பெண்களுக்குப் போகிறது என்று பட்டியல் இருக்கும். அந்தக் கோடிகள் யாரிடமிருந்து வந்தன, அதில் பெண்கள் கொடுத்தது எவ்வளவு என்று இருக்காது.

கல்வெட்டுகள் இந்த விஷயத்தில் இன்றைய அறிக்கைகளைவிட நேர்மையானவை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிப்பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. தறிக்குத் தறியிறை, செக்குக்குச் செக்கிறை, வண்ணார் துணி துவைக்கும் பாறைக்கு வண்ணாரப்பாறை, கல்யாணத்துக்குக் கண்ணாலக்காணம். இவற்றோடு அடிக்கடி வரும் இன்னொரு சொல் 'வெட்டி'. ஊருக்கோ அரசுக்கோ கூலி இல்லாமல் உடலால் செய்து தீர்க்க வேண்டிய கட்டாய வேலை. நெல்லும் காசும் போல உழைப்பும் ஒரு வரி என்று அந்தக் காலத்து அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் அதற்கு ஒரு பெயர் வைத்துக் கல்லில் வெட்டினார்கள்.

பிற்காலத்தில் அந்தச் சொல் தேய்ந்து 'பயனற்றது' என்ற பொருளுக்கு வந்துவிட்டது. வெட்டிப் பேச்சு, வெட்டி வேலை, வெட்டி ஆபீசர். வேலைக்குப் போகாத பெண்ணைப் பற்றிக் கேட்டால் "வீட்ல வெட்டியாத்தான் இருக்கா" என்கிறோம். இந்த வாக்கியத்தைப் பழைய பொருளில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கூலி இல்லாமல், மறுக்க முடியாமல், அடுத்தவருக்காகச் செய்யும் வேலையில் இருக்கிறாள். தமிழ் தெரியாமலே ஓர் உண்மையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அந்த வேலைக்கு இன்று கணக்கும் இருக்கிறது. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் 289, 88 என்று இருக்கிறது. ஐந்து ஆண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இடைவெளி அப்படியே நிற்கிறது.

*

அந்த வகுப்பில் இன்னொன்றும் நடந்தது. "எங்கம்மா வரியே கட்டினதில்ல மேம்" என்று அதே மாணவி சொன்னாள். மற்ற பெண்களும் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். வரி என்றால் அவர்களுக்கு வருமான வரி. அது சினிமாக்காரர்களும் முதலாளிகளும் என்னைப் போன்ற சம்பளக்காரர்களும் கட்டுவது.

பாடத்தை நிறுத்திவிட்டு, நேற்று உங்கள் வீட்டில் என்னென்ன வாங்கினார்கள் என்று எழுதச் சொன்னேன். குளியல் சோப்பு, பற்பசை, தேங்காய் எண்ணெய், பிஸ்கட், பாக்கெட் அரிசி, செல்போன் ரீசார்ஜ், எரிவாயு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் ஜிஎஸ்டி உண்டு. 2017 ஜூலை முதல் எட்டு ஆண்டுகள் சோப்புக்கும் பற்பசைக்கும் 18 சதவீதம் கட்டினோம். 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 5 ஆகக் குறைந்தது. ரீசார்ஜுக்கு இன்றும் 18. தார் சுற்றுகிற அம்மாவும் தறி முதலாளியின் மனைவியும் ஒரே சோப்புக்கு ஒரே வரி கட்டுகிறார்கள். ஒருத்திக்கு அது கவனத்திலேயே வராத காசு, இன்னொருத்திக்கு ஒரு மணி நேரத் தார். பிசிராந்தையார் சொன்ன 'அளவு' இதில் எங்கே இருக்கிறது?

வரிவிதிப்புக்குக் கண் கிடையாது என்றும் சொல்ல முடியாது. சில சமயம் பெண்ணுடலை அது உற்றுப் பார்க்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் சேர்த்து ஆண்ட திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதி ஆண்களுக்குத் தலைக்கரம், பெண்களுக்கு முலைக்கரம். தலைக்கு ஒரு வரி என்பதைப் பெண்ணிடம் வரும்போது எந்த உறுப்பின் பெயரால் வசூலித்தார்கள் என்பதில் அந்த அரசின் பார்வை முழுவதும் இருக்கிறது. அது மன்னராட்சி என்று தள்ளிவிடலாம். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது குங்குமம், பொட்டு, கண்ணாடி வளையல் மூன்றுக்கும் வரிவிலக்கு தரப்பட்டது. மாதவிடாய் நாப்கினுக்கு 12 சதவீதம். பெண்ணுக்கு எது அத்தியாவசியம் என்று முடிவு செய்தவர்களின் மனதில் ஒரு சுமங்கலி இருந்தாள், இரத்தம் வரும் ஓர் உடல் இல்லை. பெண்கள் ஓராண்டு முழுக்கப் போராடிய பிறகு 2018 ஜூலையில் அந்த வரி நீக்கப்பட்டது.

அன்று மாலை ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். மார்ச் மாதம், எல்லோரும் வருமான வரிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் பிடித்துவிட்டார்கள் என்ற எரிச்சல் எனக்கும் இருந்தது. "நம்ம வரிப்பணத்துல பஸ் இலவசம், மாசம் ஆயிரம் இலவசம்" என்று ஒருவர் சொன்னார். முந்தைய ஆண்டுகளில் நானும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன், அதை மறைக்க மாட்டேன். 'நம் வரிப்பணம்' என்பதில் உள்ள 'நம்' யார்? தரை துடைக்க வரும் அக்கா அந்த 'நம்'மில் இல்லை என்று எப்படி முடிவு செய்தோம்? பினாயிலுக்கும் வரி உண்டு, அவர் கைக்குப் போட்டுக்கொள்ளும் களிம்புக்கும் உண்டு. எங்களுக்குப் படிவம் 16 கிடைக்கிறது, அவருக்குக் கிடைப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ரசீது வைத்திருப்பவர்கள் வரி கட்டுகிறவர்களாகவும், ரசீது இல்லாதவர்கள் இலவசம் வாங்குகிறவர்களாகவும் ஆகிவிட்டார்கள்.

*

இனி என் வீட்டுக் கதை.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பள்ளியில் அம்மாவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. எனக்கு அப்போது நான்கு வயது. அப்பா கூலிக்குத் தறி நெய்தவர். அம்மாவுக்கு மாத முதல் வாரம் பணம் வரும். அப்பாவுக்குச் சனிக்கிழமை கூலி. அந்தச் சனிக்கிழமைக் கூலியில் பாதி ஊர் எல்லையில் இருந்த மதுக்கடைக்குப் போகும். மீதிப் பாதிக்கு அம்மா சண்டை போட வேண்டும். அடி வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கடையில் போன காசின் பெரும்பங்கு வரியாக அரசுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியவந்தது ஆய்வு மாணவியாக இருந்தபோது. அரசு ஒரு கையால் அம்மாவுக்குக் கொடுத்தது, மறுகையால் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது. இரண்டு கையும் ஒரே வீட்டுக்குள்தான் வந்து போயின. கொடுத்தது தெரிந்தது, அதற்குப் பெயர் இருந்தது, தலைவரின் படம் இருந்தது. எடுத்ததன் தழும்பு அம்மாவின் புருவத்துக்கு மேல் இருந்தது.

தமிழ்நாட்டின் வரி வரலாற்றை இந்தத் தழும்பிலிருந்து படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. 1937இல் ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தது. கலால் வருமானம் போகும் என்று தெரிந்ததால் மாற்று தேடினார்கள். 1939இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு அதுவே முன்னோடி. 1948க்குள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் திரும்ப வந்து, 1981இல் மறுபடி விலக்கிக்கொள்ளப்பட்டது. 1982இல் சத்துணவு. 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக். 2003இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. ஆட்சிகள் மாறின, இந்தத் திசை மாறவில்லை. ஒன்றுக்காகவே மற்றது வந்தது என்று நான் வாதிடவில்லை. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

2023-24இல் மதுவிலிருந்து அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 2023 செப்டம்பர் 15இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்கள் பயனாளிகள். ஆளுக்கு மாதம் 1,000 என்றால் ஓராண்டுக்கு 12,720 கோடி. பெண்கள் கையில் ஒரு ரூபாய் போகும்போது, மதுக்கடை வழியாக மூன்றரை ரூபாய் உள்ளே வருகிறது. அந்த மூன்றரை ரூபாயில் எத்தனை வீடுகளின் சனிக்கிழமை இருக்கும்?

அந்தத் திட்டத்தின் பெயரை நான் மதிக்கிறேன். 'உதவித் தொகை' என்று வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்ததும், வீட்டில் பெண் செய்யும் ஊதியமில்லாத வேலைக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னதும் சாதாரண விஷயம் அல்ல. கல்வெட்டுக்குப் பிறகு 'வெட்டி'யை ஓர் அரசு மறுபடி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதன் விதிகளை அந்தப் பெயரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் கிடையாது. குடும்பத்தில் ஒருவர் வருமான வரி கட்டினாலும் கிடையாது. கணவருக்குச் சம்பளம் கூடினால் மனைவியின் சமையலும் துவையலும் உழைப்பு இல்லை என்று ஆகிவிடுமா? உழைப்புக்கான உரிமை என்று தொடங்கி ஏழைக்கான உதவி என்று முடிகிறது. பணம் போதாது என்பது காரணமாக இருக்கலாம். அப்படியானால் பணம் எங்கே என்பதுதான் பெண்ணியத்தின் கேள்வியாக இருக்க வேண்டும்.

*

திருத்தணியிலிருந்து பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரம். 1960 ஏப்ரல் 1இல் இந்த ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயன் அது. எங்கள் பாட்டிகளுக்குத் தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும். ஆனாலும் அந்தப் பக்கத்துப் பெண்கள் நடத்திய ஒரு பெரும் போராட்டத்தை நாங்கள் பள்ளியில் படித்ததில்லை.

1992இல் நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அறிவொளி வகுப்பில் எழுத்து படிக்க வந்த கூலிப் பெண்கள் அவர்கள். படித்த பாடத்திலிருந்து பேச்சு தொடங்கி, துடைப்பமும் மிளகாய்ப்பொடியுமாக மாவட்டம் முழுக்கப் பரவியது. சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் அரசு முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1997இல் சந்திரபாபு நாயுடு அரசு அதை நீக்கியது. வருவாய் இழப்பு முக்கியமான காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்தப் பெண்கள் தெருவில் ஜெயித்தார்கள், பட்ஜெட்டில் தோற்றார்கள் என்று நான் நினைக்கிறேன். கடையை மூடு என்பது அவர்களின் கோரிக்கை. மூடினால் வரும் பள்ளத்தை யாரிடமிருந்து நிரப்புவது என்பதை அரசியல்வாதிகளிடம் விட்டார்கள். அவர்கள் திரும்பக் கடையையே திறந்தார்கள். கூலிப் பெண்களிடம் வரித்திட்டம் கேட்பது நியாயமில்லைதான். அதைச் செய்திருக்க வேண்டியவர்கள் படித்த நாம்.

நான் இங்கே உடனடி மதுவிலக்கு கேட்கவில்லை. கடை மூடிய இடத்தில் கள்ளச்சாராயம் வரும் என்பதும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மெத்தனால் குடித்து இறந்ததும் தெரியும். இறந்தவர்களின் மனைவிகள் கடன்காரர்களாக மிஞ்சுவதும் தெரியும். நான் கேட்பது, பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடக்க அப்பாக்கள் குடித்தே ஆக வேண்டும் என்ற நிலையிலிருந்து ஒரு மாநிலம் வெளியே வர வேண்டும் என்பதை. 1939இல் அதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது: விடும் வருவாய்க்கு முன்கூட்டியே மாற்று. ஆனால் அந்த மாற்றும் விற்பனை வரிதான். கள்ளுக்கடையிலிருந்து எடுத்த பாரத்தை மளிகைக் கடையில் இறக்கிவைத்தார்கள். இரண்டுமே முடிவில் ஒரே பெண்ணின் முந்தானை முடிச்சை அவிழ்ப்பவை.

*

அப்படியானால் எங்கிருந்து?

மாநிலத்தின் நிலையை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வேளாண்மை தவிர்த்த வருமானத்துக்கு மாநிலம் வரி போட முடியாது, கம்பெனி லாபத்துக்கும் போட முடியாது. அவை ஒன்றியத்தின் கையில். 2017க்குப் பிறகு பெரும்பாலான பொருள்களின் வரியை ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்கிறது. மது, பெட்ரோல், டீசல், பத்திரப்பதிவு, வாகனம் என்று சிலவே மாநிலத்தின் சொந்த முடிவுக்கு மிச்சம். பதினைந்தாவது நிதிக்குழு பகிர்வுக்குரிய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு என்றது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் வசூலிப்பது பகிர்வுக்கே வராது. மாநிலம் மதுவைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் டெல்லிக்கும் பங்கு உண்டு.

அந்த டெல்லி கடந்த நாற்பது ஆண்டுகளில் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தது? இறந்தவரின் பெரும் சொத்து வாரிசுக்குப் போகும்போது கட்ட வேண்டிய எஸ்டேட் வரி 1985இல் ஒழிக்கப்பட்டது. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் ஒழிந்தது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரி 30 சதவீதத்திலிருந்து 22க்கு இறங்கியது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று அன்று அரசே சொன்னது. அந்த மாதம் நம் சோப்புக்கு 18 சதவீதம் இருந்தது. இந்த மூன்றையும் யாரும் 'இலவசம்' என்று சொல்லிக் கேட்டதில்லை.

எஸ்டேட் வரியிலும் செல்வ வரியிலும் வசூல் சொற்பம், அதற்கான செலவும் தொல்லையும் அதிகம் என்பது ஒழித்தவர்களின் வாதம். அது பொய்யல்ல. ஆனால் ஓட்டையாக எழுதிய சட்டத்தின் வசூல் சொற்பமாகத்தான் இருக்கும். ஓட்டையை அடைப்பதும் ஒரு வழி. சொத்து யார் பெயரில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் இது பெண்ணியக் கேள்வி என்பது விளங்கும். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் போட்டது. அப்படியும் எத்தனை பேர் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுச் சீர்வரிசையோடு திரும்பி வந்தோம்? சொத்து ஆணின் பெயரில், செலவு பெண்ணின் கையில் இருக்கும் ஒரு சமூகத்தில், சொத்தை விட்டுச் செலவின் மேல் வரி போட்டால் அது பெண்ணின் மேல் போடும் வரிதான்.

உபதேசத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் தப்பித்தவளாகிவிடுவேன். எனக்கும் இந்த ஊரில் ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வீடு இருக்கிறது. பல ஆண்டுகளாக ஏறாமல் இருந்த சொத்து வரியை 2022இல் அரசு உயர்த்தியது. நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. நான் இரண்டாவது படியில் வந்தேன். அன்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. இப்போது யோசித்தால், பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு என்ற அந்த ஏற்பாடு என் சோப்பு வரியைவிட எவ்வளவோ நியாயமானது. அந்தப் பணம் என் ஊரின் குடிநீருக்கும் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் போக வேண்டியது. தெருவிளக்கு எரியாத ஊரில் மாலைச் சிறப்பு வகுப்புக்கு மாணவிகளை அனுப்ப மாட்டார்கள் என்று சொல்கிற நானே, விளக்குக்கான காசைக் கொடுக்க முனகினேன். வாங்கிய வரிக்குச் சேவை வருகிறதா என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு. வரியே கூடாது என்று கேட்டது தவறு.

*

ஏனென்றால் வசூலிக்காத வரி மாயமாக மறைந்துவிடுவதில்லை. அது வேறொருவரிடம் வசூலாகிறது.

என் பாட்டி பக்கவாதத்தில் ஏழு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் அன்று இல்லை. முதியவர்களைப் பகலில் விட்டுச்செல்லும் இடமும் இல்லை. அம்மா ஊர்ப்பிள்ளைகளுக்குச் சமைக்கப் போக வேண்டும். அக்கா பத்தாம் வகுப்போடு நின்றாள். பாட்டியைத் திருப்பிப் போட்டாள், பீத்துணி அலசினாள், ஊட்டினாள். நான் படித்தேன். நாடு ஒரு செவிலியருக்குக் கொடுக்காத சம்பளத்தை என் அக்கா ஏழு ஆண்டு படிப்பாகக் கட்டினாள். என் முனைவர் பட்டச் சான்றிதழில் அவள் பெயர் இல்லை. கல்வெட்டு அதிகாரி வந்திருந்தால் எழுதியிருப்பார்: இவ்வூரில் இவள் செய்தது வெட்டி.

அரசு செய்யும் பராமரிப்பிலும் இந்த வெட்டியின் நிழல் இருக்கிறது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் வந்தன. அங்கே வேலை செய்யும் பெண்களுக்குத் தருவதைச் சம்பளம் என்று ஒன்றிய அரசு சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. 2018 அக்டோபர் முதல் ஒன்றிய விதிப்படி பணியாளருக்கு மாதம் 4,500, உதவியாளருக்கு 2,250. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் இதற்கு மேல் தருகின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை நிலைநாட்ட 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. பெண் என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், அதற்கு எதற்குச் சம்பளம், ஒரு மரியாதை போதும் என்ற எண்ணம்தான் அந்த 'மதிப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. குறைந்த வரியில் நிறைய சேவை தருகிறோம் என்று அரசுகள் பெருமைப்படும்போது, மிச்சத்தைக் கொடுத்தவர்கள் இவர்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. ஊர்ப்பிள்ளைகளுக்குக் கவளம் உருட்டிய அவர், ஓய்வு பெற்றபோது அரசு ஊழியர் என்று எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே, 'வரி குறைய வேண்டும்' என்பதைப் பெண்களின் கோரிக்கையாக்க என்னால் முடியாது. சோப்பிலும் ரீசார்ஜிலும் குறையட்டும். பெரும் சொத்திலும் வாரிசுரிமையிலும் லாபத்திலும் கூடட்டும். மதுவின் பங்கு ஆண்டுதோறும் இவ்வளவு குறையும், அந்த இடத்தில் இது வரும் என்று பட்ஜெட் உரையிலேயே அரசு எழுதிக்கொடுக்கட்டும். வருகிற பணத்தில் முதல் செலவு, பெண்களிடமிருந்து இன்று வெட்டியாக வாங்கிக்கொண்டிருக்கும் வேலைக்கு ஆகட்டும்: பகல் காப்பகம், வீட்டுக்கு வரும் செவிலியர், முழுச் சம்பளம் பெறும் அங்கன்வாடிப் பணியாளர். பாலின வரவுசெலவு அறிக்கையில் வரவுப் பக்கமும் இருக்கட்டும்.

பிசிராந்தையார் பாடலை இப்போதும் நடத்துகிறேன். அது நல்ல பாட்டு. யானைக்கு உணவே கொடுக்காதே என்று அவர் சொல்லவில்லை, அளவோடு கொடு என்றார். அதை ஏற்றுக்கொண்டு, அந்த மாணவியின் கேள்வியையும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். தேர்வில் அது வராது. ஆனால் அந்தப் பெண்கள் விரைவில் ஓட்டுப் போடுவார்கள். தெருவுக்கு வரும் வேட்பாளர் என்ன கொடுப்பேன் என்று தானே சொல்லிவிடுவார். அதை யாரிடமிருந்து எடுப்பீர்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லும்வரை ஆரத்தித் தட்டைக் கீழே வைத்திருக்கலாம்.